அரம் தேயத்தான் செய்யும்

"பாதியில விட்டுட்டுப் போறவன் எங்க போனாலும் உருப்பட மாட்டான். ஒரு சீட்டையும் வீணாக்கி, சாமானையும் பாழாக்கிட்டுப் போறான்."

ஐடிஐ வளாகத்தில் ஒரு வருடம் இருந்து பாருங்கள், இந்தப் பேச்சு நூறு தடவையாவது காதில் விழும். ஸ்டோர் ஜன்னலில் விழும், முதல்வர் அறை வாசலில் விழும், எதிரே இருக்கும் டீக்கடையில் மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் வாயிலிருந்தும் விழும். ஃபிட்டர் பிரிவில் பயிற்றுநராக இருந்த காலத்தில் நானும் இதைச் சொன்னவன்தான். ஒருமுறை அல்ல, பலமுறை. ஆகவே யாரையோ திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நான் வருடக்கணக்கில் நம்பிய ஒன்று தவறு. அதை இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர்களிடம் அது ஏன் தவறு என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பேச்சைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று குற்றச்சாட்டுகள். இடத்தை வீணாக்கினான், பொறுமை இல்லாதவன், பொருளை நாசமாக்கினான். கூடவே சொல்லாமல் சேர்ந்து வரும் தண்டனை ஒன்று: எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டு வா, அதுவரை உன் சான்றிதழ் எங்கள் பீரோவில் இருக்கும்.

முதலில் இடம். தமிழ்நாட்டு ஐடிஐகளில் கலந்தாய்வு முடிந்த பிறகும் காலி இடம் இருந்தால் நேரடிச் சேர்க்கை என்று அறிவிப்பார்கள். அதற்குக் கொடுத்த தேதியை நீட்டிப்பதும் வழக்கம்தான். வகுப்பு தொடங்கிய பின்னும் சில வாரங்கள் கதவு திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். அந்த வாரங்களில் ஒரு பையன் வந்து, "சார், எனக்கு இது ஒத்துவரல, பேரை எடுத்துடுங்க" என்று சொன்னால் அவன் இடத்தில் வெளியே காத்திருக்கும் இன்னொருவன் வந்து நிற்கலாம். ஆனால் அவன் வந்து சொல்வதில்லை. சொன்னால் வசவு கிடைக்கும், அப்பாவைக் கூட்டி வரச் சொல்வார்கள், தனியார் நிலையமாக இருந்தால் மீதி வருடத்துக் கட்டணத்தையும் கேட்பார்கள் என்று அவனுக்கு முன்னால் போன அண்ணன்மார்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் முதல் வாரம் காய்ச்சல், அடுத்த வாரம் பாட்டி இறந்துவிட்டார், அதற்கடுத்த வாரம் போனை எடுப்பதில்லை. பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும், ஆள் திருப்பூரில் இருப்பான். நெடுநாள் வராதவன் என்று பெயரை அடிக்கும்போது சேர்க்கை முடிந்து மாதங்கள் ஓடியிருக்கும்.

அப்புறம் ஆள் இல்லாத வைஸை, அதாவது பட்டறை இடுக்கியைக் காட்டி, "பாருங்க, சீட்டை வீணாக்கிட்டான்" என்கிறோம். அவன் விலகியதால் அந்த இடம் வீணாகவில்லை. விலகுகிறேன் என்று வாயைத் திறந்து சொல்லப் பயந்ததால் வீணானது. அந்தப் பயத்தை அவன் மனதில் ஊன்றியவர்கள் நாம்.

இரண்டாவது, பொறுமை. பத்தாம் வகுப்பு முடித்து வருகிறவனுக்கு வயது 15 அல்லது 16. எட்டாம் வகுப்புத் தகுதியோடு சேரக்கூடிய பிரிவுகளில் 14 வயதுப் பையனைக்கூடப் பார்க்கலாம். அந்த வயதில் எதை வைத்துத் தொழிலைத் தேர்ந்தெடுக்கிறான்? எலக்ட்ரீஷியன் கேட்டிருப்பான், மதிப்பெண்ணுக்கு டர்னர் கிடைத்திருக்கும். எதிர்வீட்டு அண்ணன் வெல்டராகச் சிங்கப்பூர் போய் வீடு கட்டிவிட்டான் என்பதற்காக வெல்டர் எடுத்திருப்பான். ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை வைத்து எந்த ஐடிஐ என்று வீட்டில் முடிவு செய்திருப்பார்கள். லேத்தை அவன் கண்ணால் பார்த்ததே சேர்ந்த பிறகுதான்.

ஃபிட்டர் பிரிவின் தொடக்க வாரங்கள் எப்படி இருக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஓர் இரும்புத் துண்டை வைஸில் இறுக்கிப் பிடித்து, நின்றபடியே அரத்தால் ராவிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும், தோள் கடுக்கும். டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் நூலிழை அளவுக்கு ஒளி கசியும். மறுபடி ராவு. சில பையன்களுக்கு மூன்றாவது வாரத்தில் அதில் ஒரு ருசி வந்துவிடும். துண்டை விட்டுக் கை எடுக்க மாட்டான். சிலருக்கு அதே மூன்றாவது வாரத்தில் இது தன் வேலை இல்லை என்று தெரிந்துவிடும். இரண்டும் பயிற்சி கொடுத்த அறிவுதான். முதலாமவனுக்கு ஆர்வம் என்றும் இரண்டாமவனுக்குத் திமிர் என்றும் பெயர் வைத்தது நாம்.

பிடிக்காமல் போகிறவர்கள் ஒரு பகுதிதான். பிடித்திருந்தும் போகிறவர்கள் இருக்கிறார்கள். தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். அரசு ஐடிஐ மாணவருக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மேலும் 1,000 ரூபாய். நல்ல திட்டங்கள்; குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா கால் உடைந்து படுத்துவிட்ட வீட்டில் இந்த 1,750 ரூபாயை வைத்து எத்தனை நாள் உலை வைக்க முடியும்? கட்டட வேலைக்குக் கையாளாகப் போனால் மூன்று நாளில் கிடைக்கிற பணம் அது. அந்த வீட்டுப் பையனிடம் போய்ப் பொறுமையைப் பற்றிப் பேசுவதற்கு நமக்குத்தான் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

பொறியியல் முடித்த ஒருவர் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயத்துக்கு வந்தால் பத்திரிகையில் படம் போடுகிறோம். மருத்துவம் படித்துவிட்டு ஐஏஎஸ் தேர்வு எழுதினால் கைதட்டுகிறோம். அரசுக் கல்லூரி என்றால் அந்த மருத்துவரின் படிப்புக்கு அரசு செலவழித்தது ஒரு ஃபிட்டர் பையனுக்குச் செலவழித்ததைவிடப் பல மடங்கு. அங்கே அதன் பெயர் தேடல். இங்கே அதன் பெயர் ஓட்டம். 2020இன் தேசியக் கல்விக் கொள்கையோடு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம். ஆனால் அதில் பட்டப்படிப்பு மாணவன் ஓராண்டில் விலகினால் சான்றிதழ், இரண்டாண்டில் விலகினால் பட்டயம் என்று, விலகுவதையே ஒரு வாசலாக வைத்திருக்கிறார்கள். ஓராண்டு முழுக்கக் கருவி பிடித்துவிட்டு விலகும் ஐடிஐ பையனுக்கு நாம் வைத்திருப்பது ஒரே சொல்: டிராப் அவுட்.

மூன்றாவது, பொருள். குற்றச்சாட்டுகளில் உருப்படியானது இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா கட்டைப்பையோடு ஸ்டோருக்கு வந்தார். மகன் ஏழெட்டு மாதம் படித்துவிட்டு நின்றுவிட்டான். வேலைக்குப் போய்விட்டான், லீவு கிடைக்கவில்லை. சாமானை ஒப்படைக்க அம்மா வந்திருந்தார். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வைத்தார். சுத்தியல், சென்டர் பஞ்ச், ஸ்டீல் ரூல், ஹாக்ஸா பிரேம், காலிப்பர், இரண்டு அரம். எல்லாவற்றையும் தினத்தாளில் சுற்றியிருந்தார். துரு ஏறிவிடக் கூடாதென்று தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார். அடியில் யூனிபார்ம், துவைத்து இஸ்திரி போட்டு மடித்தது. அதை யார் போட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. வாங்கியது எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டோர்காரர் பதிவேட்டில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். "டிவைடர் எங்கம்மா?" என்றார். டிவைடர் என்றால் என்னவென்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. பிறகு அரத்தை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "பல்லெல்லாம் மொட்டையாயிருச்சு. இதை எப்படிம்மா திரும்ப வாங்குறது? ரெண்டு அரமும் ஒரு டிவைடரும் புதுசா வாங்கி வெச்சுட்டு டி.சி. வாங்கிக்கோங்க."

நான் அங்கேதான் நின்றிருந்தேன். பாக்கி இல்லை என்ற படிவத்தில் என் பிரிவுக்குரிய கையெழுத்தைப் போட வந்தவன். ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா ஹார்டுவேர் கடை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போனார்.

இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அரம் தேயாமல் வேறென்ன செய்யும்? இரும்போடு உரசுவதற்காகத்தானே அதைக் கொடுத்தோம்? ஏழெட்டு மாதம் கழித்து ஒரு பையன் புத்தம் புது அரத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அன்றைக்குத்தான் நான் கோபப்பட்டிருக்க வேண்டும். அவன் ஒரு நாளும் வேலை செய்யவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மொட்டையான அந்தப் பல் ஒவ்வொன்றும் அவன் வகுப்புக்கு வந்ததற்கும், நான் சொன்னதைச் செய்ததற்கும் ரசீது. அந்த ரசீதைக் காட்டியவரிடம் அபராதம் வாங்கியிருக்கிறோம்.

ஐடிஐயில் மாணவன் கைக்கு வரும் பொருள்கள் எல்லாம் ஒரே சாதி அல்ல. சீருடை, காலணி, நோட்டு, ஹாக்ஸா பிளேடு போன்றவை தீர்ந்துபோவதற்கென்றே கொடுக்கப்படுபவை. அவற்றைத் திரும்பக் கேட்பது சாப்பிட்ட சோற்றைத் திரும்பக் கேட்பதுபோல. சுத்தியல், காலிப்பர், வெர்னியர், நூலகப் புத்தகம் ஆகியவை நிற்கிற பொருள்கள். இவை கண்டிப்பாகத் திரும்ப வரவேண்டும், தொலைத்தால் அதன் இன்றைய மதிப்பைக் கட்ட வேண்டும். அடையாள அட்டையும் பஸ் பாஸும் வேறு வகை. காசு மதிப்பு இல்லாவிட்டாலும் தவறாகப் பயன்படும் என்பதால் முதலில் வாங்க வேண்டியவை அவைதான். நடுவில் நிற்பது அரமும் உளியும். நிற்கிற பொருள்போலத் தோன்றும், ஆனால் நாளுக்கு நாள் கரையும். நம் பதிவேட்டில் இவை எல்லாம் ஒரே வரிசையில், ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கின்றன. 'கொடுத்தது', 'வாங்கியது' என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. 'தேய்ந்தது' என்று ஒரு கட்டம் இல்லை.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைத்தால் நானும் பாதிக் கணக்கு எழுதியவனாவேன். ஸ்டோர்காரர் கெட்டவர் அல்ல. தணிக்கைக்கு வருகிறவர் இரண்டு அரம் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். குறைந்தால் அவர் சம்பளத்தில் கை வைப்பார்கள். அந்தப் பயத்தை அவர் ஜன்னலுக்கு வெளியே நிற்பவர் தலையில் இறக்குகிறார். பொதுப்பணத்தில் வாங்கிய பொருளுக்குக் கணக்கு இருக்கத்தான் வேண்டும். நான் மறுப்பது அந்தக் கணக்கின் சுமையைப் பதினைந்து வயதுப் பையனின் வீட்டில் இறக்குவதை. 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தி, உள்ளே ரோபோவைக் கொண்டுவந்து நிறுத்த முடிந்த துறைக்கு, தேய்ந்த அரத்தைக் கணக்கிலிருந்து எளிதாகக் கழிக்க ஒரு வழி செய்ய முடியாதா?

கடைசியாக அந்தத் தண்டனை. "சர்டிஃபிகேட்டைப் பிடிச்சு வைக்கலைன்னா ஒருத்தனும் சாமானைத் திருப்பித் தர மாட்டான் சார்." அனுபவசாலிகள் சொல்வது என்பதால் பலரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறானது. சான்றிதழ் உள்ளே மாட்டிக்கொண்டது என்று தெரிந்த பையன் அந்தத் தெருப்பக்கமே வருவதில்லை. அவனோடு சுத்தியலும் வருவதில்லை. ஒப்படைத்த அன்றே காகிதம் கைக்கு வரும் என்ற நம்பிக்கை இருந்தால் சாமான் தானாக வரும்.

எதற்கு எதை ஈடாகப் பிடிக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சில நூறு ரூபாய்ச் சுத்தியல். மறுபக்கம், வேறு படிப்புக்கும் வேலைக்கும் எங்கே போனாலும் கேட்கப்படும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் டி.சி.யும். மூக்குத்திக்கு வீட்டை அடகு பிடிக்கும் வட்டிக்கடைக்காரரை ஊர் என்ன சொல்லும்?

சட்டமும் இதற்கு இடம் தருவதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 171ஆவது பிரிவில், பொதுவான பாக்கிக்காக அடுத்தவர் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கெல்லாம் உண்டு என்று பட்டியல் போடுகிறது. வங்கி இருக்கிறது, சரக்கை விற்றுத் தரும் முகவர் இருக்கிறார், துறைமுகத்தில் சரக்கு இறக்கும் துறைக்காரர் இருக்கிறார், உயர் நீதிமன்ற அட்டர்னியும் காப்பீட்டுத் தரகரும் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பள்ளிக்கூடம் இல்லை. கல்விச் சான்றிதழ் விற்று வாங்கும் சரக்கல்ல, அதன் மேல் அப்படிப்பட்ட உரிமை கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

"சேரும்போதே எழுதி வாங்கியிருக்கிறோமே" என்பார்கள். யாரிடம் எழுதி வாங்கினீர்கள்? அதே சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தகுதியற்றவர். அப்படிச் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலேயே செல்லாது என்று 1903இல் மொஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் சொல்லி நூற்றாண்டு கடந்துவிட்டது. சரி, அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 74ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது: எழுதியிருக்கும் தொகை எவ்வளவாக இருந்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்கலாம். மூன்று மாதம் படித்தவனிடம் இரண்டு வருடக் கட்டணத்தைக் கேட்பது எந்தக் கணக்கில் நியாயமான இழப்பீடு?

கல்லூரி மாணவனுக்கு இந்தப் பாதுகாப்பு எழுத்திலேயே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை, அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. சரிபார்த்துவிட்டு உடனே கொடுத்துவிட வேண்டும். விலகினால் எத்தனை நாளுக்குள் எத்தனை சதவீதக் கட்டணம் திரும்ப வரும் என்றும் படிப்படியாக வகுத்திருக்கிறது. யுஜிசியின் கை ஐடிஐ வரை நீளாது. பட்டப்படிப்புக்குப் போகிற வீட்டுப் பிள்ளையின் சான்றிதழ் அவன் சொத்து. வெல்டிங் கற்க வருகிற வீட்டுப் பிள்ளையின் சான்றிதழ் நம் பிணை. இந்த வித்தியாசத்துக்குச் சட்டப் புத்தகத்தில் காரணம் தேட வேண்டாம். எந்த வீட்டில் யார் குரலை உயர்த்திக் கேட்பார்கள் என்பதில் இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. சேர்க்கை நாளன்று அசலைப் பார்த்து, நகலை வாங்கிக்கொண்டு, அசலை அங்கேயே திருப்பிக் கொடுப்பது. கருவி கொடுக்கும் அன்றே எது திரும்ப வரவேண்டும், எது வேண்டியதில்லை என்று தமிழில் எழுதிய பட்டியலின் ஒரு படியை வீட்டுக்கு அனுப்புவது. அந்த அம்மாவுக்கு டிவைடர் என்றால் என்னவென்று அன்றே படம் போட்டுக் காட்டியிருக்கலாம். பதிவேட்டில் தேய்மானத்துக்கு ஒரு கட்டம். விலகல் கடிதம் வந்தால், முதலில் வேறு பிரிவுக்கு மாற முடியுமா என்று உட்கார்ந்து பேசுவது. முடியாதென்றால் ஒரே நாளில் கணக்கை முடித்து அனுப்புவது. இதுவரை கற்றது என்ன என்று ஒரு தாளில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தால் அவன் போகிற பட்டறையில் அதற்கும் ஒரு மதிப்பு இருக்கும்.

விலக நினைக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் ஒரு வார்த்தை. ஒளிந்து போகாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் தேதி போட்டு விலகுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். சாமானைப் பட்டியல் போட்டு ஒப்படையுங்கள், பட்டியலின் இன்னொரு படியில் கையெழுத்து வாங்குங்கள். பஸ் பாஸையும் அடையாள அட்டையையும் மறக்காதீர்கள். தொலைத்தது இருந்தால் தொலைத்தேன் என்று சொல்லி அதன் மதிப்பைக் கட்டுங்கள். பிறகு உங்கள் சான்றிதழை எழுத்தில் கேளுங்கள். கெஞ்ச வேண்டாம்; அது உங்களுடையது.

ஸ்டோரிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்திருக்கும் என் சகாக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கணக்குத் தீர்ப்பது இரண்டு கையும் சேர்ந்து செய்யும் வேலை. அவன் கட்டைப்பையில் கொண்டுவந்த நம் சாமானை எண்ணத் தொடங்கும் முன், அவன் சாமான் நம் பீரோவில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.